நோனிச் சாறும் எட்டுச் சர்க்கரைகளும்

அந்தமானில் கடற்கரையோரம் நடப்பவர் கண்ணுக்கு நோனி மரம் தப்பாது. இரண்டு ஆள் உயரம் வளரும் சிறு மரம். உள்ளங்கையைவிட அகலமான, எண்ணெய் தடவியது போன்ற இலைகள். காய் உருளைக்கிழங்கு அளவு இருக்கும். மேலெல்லாம் கண் கண்ணாகப் புடைத்திருக்கும். பச்சையாக இருந்து மெல்ல மஞ்சள் பூத்து, முற்றக் கனிந்ததும் மெழுகு போல வெளுத்துவிடும். அந்த நிலையில் தொட்டால் விரல் உள்ளே போகும். வாடையும் அப்போதுதான் கிளம்பும். பாலாடைக்கட்டி நாற்றம் என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். நம் மூக்குக்கு அது ஊசிப்போன வெண்ணெய். ஆக்டனாயிக், ஹெக்சனாயிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள் பழத்தில் நிறைய இருப்பதே காரணம். ஆட்டுப்பாலின் மணத்துக்கும் இவைதாம் காரணம்.

பழத்தைப் பிசைந்தால் செம்பழுப்பு விதைகள் கையில் வரும். ஒவ்வொரு விதையிலும் ஒரு சின்னக் காற்றுப்பை உண்டு. அதனால் விதை கடலில் மூழ்காமல் மிதந்து, எந்தத் தீவில் கரை ஒதுங்குகிறதோ அங்கே முளைக்கும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை இந்த மரம் பரவியதில் மனிதர்களோடு கடலுக்கும் பங்குண்டு. நமக்கும் இது அந்நியமில்லை. தமிழ்நாட்டு வயல் வரப்பில் நிற்கும் நுணா இதன் பங்காளி. மஞ்சணத்தி என்றால் இன்னும் பலருக்குத் தெரியும், பழந்தமிழில் நுணவம். வெட்டினால் உள்ளே மஞ்சளாக இருக்கும் அந்த மரத்தின் கடலோரத்துச் சகோதரிதான் நோனி. நிக்கோபாரி மக்கள் இதை லோராங் என்பார்கள்; பழத்தை உப்புத் தொட்டுத் தின்பார்கள். நோனி என்ற பெயர் ஹவாயிலிருந்து வந்தது. பெயரோடு ஒரு வியாபாரமும் வந்தது. இந்த அத்தியாயம் அந்த வியாபாரம் சொல்லும் ஒரு கதையைப் பற்றியது.

அந்தக் கதையை நான் முதலில் படித்தது ஆய்வேட்டில் இல்லை. போர்ட் பிளேரில் ஜங்கிலிகாட் பக்கம் ஒரு வீட்டில். (2024 செப்டம்பரிலிருந்து நகரின் பெயர் ஸ்ரீ விஜய புரம். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) அந்த வீட்டு அக்காவின் தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். சாப்பாட்டு மேசையில் பழுப்பு நிறச் சாறு நிரம்பிய ஒரு பாட்டில் இருந்தது.

“வெறும் வயித்துல முப்பது மில்லி, தம்பி. மூடியில அளந்து குடிக்கணும். சுகர் இறங்கிடும்னு சொல்றாங்க. நம்ம செல்லுக்கெல்லாம் ஏதோ சர்க்கரைச் சங்கிலி வேணுமாம்ல, அது இதுல இருக்காம்.”

“மாத்திரை போடுறீங்களாக்கா?”

“ரெண்டு வேளை போட்டேன். இப்ப ஒரு வேளைதான்.”

பாட்டிலோடு ஒரு துண்டுப் பிரசுரமும் இருந்தது. உடலின் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது சர்க்கரைகள் மூலம். அதற்கு எட்டுவகைச் சர்க்கரைகள் வேண்டும். இன்றைய சாப்பாட்டில் கிடைப்பவை இரண்டே. மீதி ஆறையும் இந்தச் சாறு தருகிறது. அதனால் சர்க்கரை நோய், மூட்டுவலி, புற்றுநோய் எல்லாம் கட்டுப்படும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள்.

இதில் முதல் வாக்கியம் முழு உண்மை. இரண்டாவதும் ஏறக்குறைய சரி. பொய் நுழைவது மூன்றாவது வாக்கியத்தில். அது எப்படி நுழைகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த அக்கா ஒரு வேளை மாத்திரையை விட்டது அந்த மூன்றாவது வாக்கியத்தை நம்பித்தான்.

செல்களின் சர்க்கரையை நாம் எல்லோரும் அறிவோம். அதைச் சர்க்கரை என்று அறியாமலே அறிவோம். ரத்தம் கொடுக்கப் போனால் ஏ, பி, ஓ என்று பிரிவு கேட்கிறார்களே, அது சர்க்கரைக் கணக்கு. ஒவ்வொரு சிவப்பணுவின் மேலும் சர்க்கரை மணிகள் கோத்த சிறு சரங்கள் புல் போல நிற்கின்றன. ஓ பிரிவுக்காரரின் சரம் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையோடு நின்றுவிடும். பி பிரிவில் அதன்மேல் கேலக்டோஸ் என்ற மணி ஒன்று கூடும். ஏ பிரிவில் கூடும் மணியும் கேலக்டோஸ் போன்றதுதான். ஒரே ஓரிடத்தில் நைட்ரஜன் உள்ள சிறு கிளை ஒட்டியிருக்கும். இத்தனை சிறிய வேறுபாடு, மாற்றி ஏற்றினால் ஆளைக் கொல்லும். 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இந்தப் பிரிவுகளை அறிவித்தபோது அவை சர்க்கரை என்று யாருக்கும் தெரியாது. அதைத் துலக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

ரத்தத்தோடு முடிந்த விஷயமும் இல்லை இது. இன்ஃப்ளூயன்சா வைரஸ் நம் தொண்டைச் செல்லில் பற்றிக்கொள்வது சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடித்துத்தான். வெள்ளணுக்கள் காயம்பட்ட இடத்தில் ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றி இறங்குவதும் சர்க்கரைப் பிடிமானத்தால்தான். குளுக்கோஸ், கேலக்டோஸ், மேனோஸ், ஃபியூகோஸ், சைலோஸ், இவற்றோடு நைட்ரஜன் ஒட்டிய இரண்டு சர்க்கரைகள், சயாலிக் அமிலம். மனித உடலின் புரதங்களில் பெரும்பாலும் காணப்படுபவை இந்த எட்டும்தான். ஹார்ப்பர் உயிர்வேதியியல் பாடநூலின் 1996ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த எட்டையும் பட்டியலிட்டது. நம் மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கும் நூல் அது.

அதே 1996இல் அமெரிக்காவின் டெக்சாஸில் மேன்னாடெக் என்ற நிறுவனம் ‘ஆம்ப்ரோடோஸ்’ என்ற பொடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கற்றாழைச் சோற்றிலிருந்தும் லார்ச் மரத்திலிருந்தும் எடுத்த நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் அதில் இருந்தன. கிளைக்கோ நியூட்ரியன்ட் என்று அதற்கொரு பெயர் வைத்தார்கள். பாடநூலில் “காணப்படுபவை” என்று இருந்த எட்டுச் சர்க்கரைகள் விற்பவர் வாயில் “சாப்பிட்டே ஆக வேண்டியவை” ஆயின. வைட்டமின் போல, அமினோ அமிலம் போல, இவையும் வெளியிலிருந்து வந்தே தீர வேண்டியவை என்றார்கள்.

கதை சரியும் இடம் இதுதான். வைட்டமின் சி நம் உடலால் செய்ய முடியாத பொருள். தின்னாவிட்டால் ஈறில் ரத்தம் கசியும். இந்த எட்டுச் சர்க்கரைகளுக்கு அந்த நிலை இல்லை. சோற்றிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸ் ஒன்று போதும். மற்ற ஏழையும் செல் தானே செய்துகொள்ளும். குளுக்கோஸை ஃபிரக்டோஸாக்கி, அதை மேனோஸாக்கி, மேனோஸிலிருந்து ஃபியூகோஸைச் செய்கிறது. ஃபிரக்டோஸில் நைட்ரஜனை ஒட்டி இன்னொரு கிளை. அதன் கடைசியில் சயாலிக் அமிலம். குளுக்கோஸின் நுனியை ஆக்சிஜனேற்றி, ஒரு கார்பனைக் கழற்றினால் சைலோஸ். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. அந்த நொதியைச் செய்யும் மரபணுவும் உண்டு. கஞ்சி மட்டும் குடித்து வளர்ந்த குழந்தைக்கும் ரத்தப் பிரிவு உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். ஏ பிரிவுக்காரர் யாரும் நைட்ரஜன் ஒட்டிய கேலக்டோஸைக் கடையில் வாங்கித் தின்று ஏ பிரிவு ஆகவில்லை.

இரண்டாவது தடை குடல். கற்றாழைச் சங்கிலியோ நோனிச் சங்கிலியோ, அவற்றை மணிமணியாக அறுக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அரிசி மாவின் சங்கிலியை அறுக்க நம்மிடம் கத்தரி உண்டு, இவற்றுக்கு இல்லை. அறுபடாத சங்கிலி ரத்தத்தில் சேராது, பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து அசிடிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக்கும். அது நல்லதுதான், நார்ச்சத்து என்று நாம் சொல்வது அதைத்தான். கீரை, கிழங்கு, தோலோடு பயறு, நிக்கோபாரிகளின் பாண்டனஸ் பழம் எல்லாம் செய்யும் வேலை அது. ஆனால் மேனோஸ் மேனோஸாகவே போய்ச் செல்லில் ஒட்டிக்கொள்கிறது என்ற கதைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

2007இல் டெக்சாஸ் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் மேன்னாடெக் மீது வழக்குப் போட்டார். புற்றுநோய், ஆட்டிசம், டவுன் நோய்க்குறி என்று தீராத நோய்களின் பேரால் பொடி விற்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. தவறை ஒப்புக்கொள்ளாமல் 2009இல் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர 40 லட்சம் டாலர், அரசின் செலவுக்கு 20 லட்சம் டாலர், நிறுவனரின் பங்காக 10 லட்சம் டாலர் அபராதம். இடையில் 2008இல், செல் சர்க்கரைகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ரொனால்டு ஷ்னார், ஹட்சன் ஃப்ரீஸ் இருவரும் ‘கிளைக்கோபயாலஜி’ இதழில் இதை வெளிப்படையாகவே மோசடி என்று எழுதினார்கள். தங்கள் துறையின் பெயரைச் சொல்லி நோயாளிகளை ஏமாற்றுகிறார்களே என்ற கோபத்தில் எழுதிய கட்டுரை அது. அறிவியலாளர்கள் இப்படி வாய் திறப்பது அபூர்வம். இன்னும் நிறையப் பேர் திறக்க வேண்டும்.

இந்த ஹட்சன் ஃப்ரீஸ் சர்க்கரை மருந்தை வெறுப்பவரும் இல்லை. குளுக்கோஸ் வழியிலிருந்து மேனோஸ் செய்யும் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உலகில் மிகச் சிலர் உண்டு. அவர்களுக்குக் குடலில் ரத்தம் கசியும், கல்லீரல் கெடும், ரத்தச் சர்க்கரை சட்டென்று தாழும். அந்தக் குழந்தைகளுக்கு வாய்வழி மேனோஸ் கொடுத்தால் நோய் தணிகிறது. 1990களின் இறுதியில் நிறுவப்பட்ட இந்தச் சிகிச்சையில் ஃப்ரீஸின் ஆய்வுக்கும் பங்குண்டு. பழுதான நொதி எது என்று தெரியும். பொருளின் அளவு தெரியும். ரத்தத்தில் சோதித்துப் பார்க்கவும் முடியும். சர்க்கரை மருந்தாவது இப்படித்தான். நொதி சரியாக இருக்கும் கோடிக்கணக்கானவருக்கு அதே மேனோஸால் அந்தப் பயன் கிடையாது.

கருத்து அழகாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் மேனோஸே சாட்சி. சிறுநீர்த் தொற்று உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா, சிறுநீர்ப்பைச் சுவரில் உள்ள மேனோஸைக் கொக்கி போட்டுப் பிடிக்கிறது. மேனோஸைத் தின்றால் அதில் ஒரு பங்கு சிறுநீரில் இறங்கும், பாக்டீரியாவின் கொக்கி அதில் மாட்டிக்கொள்ளும், சுவர் தப்பிக்கும். எவ்வளவு நேர்த்தியான யோசனை! 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகக் குரோஷியாவில் 308 பெண்களிடம் பார்த்தபோது, மேனோஸ் எடுத்தவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கும் எதுவும் எடுக்காதவர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்கும் தொற்று திரும்ப வந்தது. உலகெங்கும் மேனோஸ் பொடி விற்பனை சூடுபிடித்தது. ஆனால் அந்த ஆய்வில் போலி மருந்து இல்லை. எதுவும் எடுக்காதவருக்குத் தாம் எதுவும் எடுக்கவில்லை என்று தெரியும்.

பிரிட்டனில் அதைத் திருத்திச் செய்தார்கள். 598 பெண்கள். பாதிப் பேருக்குத் தினமும் 2 கிராம் மேனோஸ். மீதிப் பேருக்குப் பார்வையிலும் ருசியிலும் அதைப் போலவே இருக்கும் ஃபிரக்டோஸ். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. ஆறு மாதம். 2024இல் முடிவு வந்தது. மேனோஸ் குடித்தவர்களில் 51.0 சதவீதத்தினர் மீண்டும் தொற்றுக்காக மருத்துவரிடம் போனார்கள். ஃபிரக்டோஸ் குடித்தவர்களில் 55.7 சதவீதத்தினர். அந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. பதினைந்துக்கு அறுபது என்று இருந்தது, கண்ணைக் கட்டிவிட்டுப் பார்த்ததும் ஐம்பத்தொன்றுக்கு ஐம்பத்தாறு ஆகிவிட்டது.

மூட்டுவலிக்குத் தரும் குளுக்கோசமைனும் சர்க்கரைதான். இறால், நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டினை அமிலத்தில் வேகவைத்தால் கிடைப்பது. அமெரிக்காவில் 1,583 முழங்கால்வலிக்காரர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. குளுக்கோசமைன் எடுத்தவர்களில் 64 சதவீதத்தினர் வலி குறைந்தது என்றார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களிலும் 60 சதவீதத்தினர் அதையே சொன்னார்கள். “எனக்குக் கேட்டுச்சு” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பொய் இல்லை. நூற்றுக்கு அறுபது பேருக்கு வெறும் மாவும் கேட்கும்.

இனி நோனிக்கு வருவோம். நோனியின் புகழுக்கு முதல் விதை போட்டவர் ரால்ஃப் ஹைனிக்கி. ஹவாயில் அன்னாசி நொதியை ஆராய்ந்த வேதியியலாளர். நோனியிலிருந்து உடலில் ‘ஜெரோனின்’ என்ற பொருள் உண்டாகிறது, அது செல்லின் புரதங்களையெல்லாம் சீராக்குகிறது என்று 1980களில் எழுதினார். அந்தப் பொருளை வேறு எந்த ஆய்வுக்கூடமும் பிரித்துக் காட்டவில்லை. அதன் வேதி அமைப்பும் வெளியாகவில்லை. இருந்தும் 1996இல் அமெரிக்காவில் டஹிட்டி நோனிச் சாறு வியாபாரம் தொடங்கியபோது ஜெரோனின் பெயர் கூடவே பயணம் செய்தது. அரிசோனா, கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, டெக்சாஸ் என்ற நான்கு மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள் 1998இல் தலையிட்டு, ஆதாரமில்லாத நோய்க் கூற்றுகளை நிறுத்தச் சொன்னார்கள்.

சர்க்கரைச் சங்கிலிக் கதை அதற்குப் பின்னால் வலுத்தது. இதற்கு உண்மையான ஆய்வு ஒன்று அடிப்படை. அதை நான் மதிக்கிறேன். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆனி ஹிராசுமியும் எய்இச்சி ஃபுருசாவாவும் நோனிச் சாற்றிலிருந்து ஆல்கஹாலால் ஒரு வண்டலைப் பிரித்தார்கள். குளுகுரோனிக் அமிலம், கேலக்டோஸ், அராபினோஸ், ராம்னோஸ் ஆகியவை சேர்ந்த சர்க்கரைச் சங்கிலிகள் அதில் நிறைய இருந்தன. நுரையீரல் புற்றுச் செல்களை ஏற்றிய எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது அவை கூடுதல் நாள் வாழ்ந்தன. எலியின் எதிர்ப்புச் செல்களை முடக்கிவிட்டுக் கொடுத்தால் பயன் குன்றியது. அதாவது வண்டல் புற்றை நேராகக் கொல்லவில்லை. எலியின் காவற்படையை உசுப்பியது. 1999இல் வெளியான இந்த ஆய்வு நேர்மையானது, படிக்கத் தகுந்தது.

ஆனால் எலிக்கு அதை எப்படிக் கொடுத்தார்கள் என்பதைத் துண்டுப் பிரசுரம் சொல்வதில்லை. ஊசியால் வயிற்றறைக்குள் செலுத்தினார்கள். வாய் வழியாக இல்லை. குடலுக்கு வெளியே, உறுப்புகள் மிதக்கும் அந்த அறையில் காவற்செல்கள் தயாராகக் காத்திருக்கும். பாக்டீரியா, பூஞ்சைகளின் மேலுறை பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலிதான். அதைப் போன்ற ஒன்று உள்ளே வந்ததும் எதிரி புகுந்தான் என்று அவை விழித்துக்கொள்வதில் வியப்பில்லை. அதே சங்கிலியை மூடியில் அளந்து வாயில் ஊற்றினால் அது வயிற்றறைக்குப் போகாது. குடலுக்குள்ளேயே போய்க் குடலோடு முடியும். எலியின் வயிற்றறைக்கும் அக்காவின் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே ஒரு முழுக் குடல் இருக்கிறது. துண்டுப் பிரசுரம் தாண்டிப் போன தூரம் அதுதான்.

மனிதர்களிடமும் பார்க்காமல் இல்லை. ஹவாயில் முற்றிய புற்றுநோயாளிகளுக்கு உலர்ந்த நோனிப் பொடிக் குளிகைகளைத் தந்து முதற்கட்டச் சோதனை நடந்தது. எந்த அளவு வரை தாங்குகிறது, உடல்நிலை பற்றி நோயாளி என்ன சொல்கிறார் என்று பார்க்கும் சோதனை அது. புற்றைக் குணமாக்குகிறதா என்ற கேள்விக்கு அப்படிப்பட்ட சோதனை பதில் சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2002 டிசம்பரில் ஆதாரங்களைப் பரிசீலித்து, அளவாகக் குடித்தால் பாதகமில்லை, ஆனால் மற்றப் பழச்சாறுகளுக்கு மேலான தனி ஆரோக்கியப் பயன் எதற்கும் சான்று இல்லை என்றது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் விற்பனைக்கு அனுமதியும் கிடைத்தது, பழச்சாறு என்ற பேரில். ஆஸ்திரியாவில் நோனி குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2005இல் மருத்துவர்கள் எழுதினார்கள். மறு ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குச் சாறு காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று முடிவு செய்தது. நோனியை விஷம் என்று பயமுறுத்துபவர்களுக்கும் அதனால் இங்கே இடமில்லை.

என் கவலை சிறுநீரகத்தைப் பற்றியது. 2000ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கச் சிறுநீரக இதழில் ஒரு நோயாளியின் கதை வந்தது. சிறுநீரகம் பழுதானவர், பொட்டாசியம் குறைந்த பத்தியச் சாப்பாட்டையே சாப்பிடுவதாகச் சொன்னவர். ரத்தத்தில் பொட்டாசியம் மட்டும் ஏறியிருந்தது. துருவிக் கேட்டபோது நோனிச் சாறு குடிப்பது தெரிந்தது. சாற்றைச் சோதித்தார்கள், லிட்டருக்கு 56 மில்லி ஈக்விவலன்ட், அதாவது ஏறத்தாழ 2,200 மில்லிகிராம் பொட்டாசியம். நமக்குப் புரியும்படி சொன்னால், கிட்டத்தட்ட இளநீர் அளவு. சிறுநீரகக்காரருக்கு இளநீர் ஆகாது என்று எந்த மருத்துவரும் சொல்வார். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். நோனியும் அதே கணக்கு என்று யாரும் சொல்வதில்லை. முப்பது மில்லியில் 66 மில்லிகிராம்தான் வரும். அது சிறிய அளவு. ஆனால் நோய் முற்றும்போது பயம் அளவைக் கூட்டும். மூடி டம்ளராகும். ஒரு டம்ளரில் 440 மில்லிகிராம். நாள்பட்ட சர்க்கரை நோய் கெடுக்கும் உறுப்புகளில் சிறுநீரகம் முக்கியமானது என்பதால், நோனியைத் தேடி ஓடுபவரும் பொட்டாசியத்துக்கு அஞ்ச வேண்டியவரும் பல வீடுகளில் ஒரே ஆள்.

சாற்றில் சாதாரணச் சர்க்கரையும் உண்டு. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இல்லாத பழச்சாறு ஏது? வாடையை மறைக்கத் திராட்சைச் சாறோ வேறு இனிப்போ கலந்தால் அது இன்னும் கூடும். தமிழில் நோய்க்கும் பொருளுக்கும் சர்க்கரை என்ற ஒரே சொல்தான். ‘நல்ல சர்க்கரை’ வந்து ‘கெட்ட சர்க்கரை’யை ஓட்டிவிடும் என்ற பேச்சு காதில் எளிதாக ஏறுவதற்கு இந்த ஒற்றைச் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நோனிக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போர்ட் பிளேரில் உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மரத்தில் பல ஆண்டு உழைத்திருக்கிறது. தீவுகளெங்கும் அலைந்து கன்றுகளைச் சேர்த்து, காய்ப்பையும் தரத்தையும் அளந்து, இரகங்கள் வெளியிட்டது. உப்புக்காற்றைத் தாங்கும், தென்னைக்கு நடுவே வளரும், ஆண்டு முழுக்கக் காய்க்கும் மரம். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய நிலத்தோடு மல்லாடும் விவசாயிக்கு இது சின்ன உதவி இல்லை. பட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் சாயமும் வரும். பழச்சாறாக, சாயமாக, உப்புத் தொட்டுத் தின்னும் பழமாக விற்கலாமே. புற்றுநோய் என்ற சொல்லைப் பாட்டிலில் கட்டித் தொங்கவிட்டால்தான் விலைபோகும் என்ற நிலைக்கு அந்த மரத்தைத் தள்ள வேண்டியதில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்கள் உள்ளன. நீரிழிவும் புற்றுநோயும் அதில் உண்டு. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே குற்றம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிகளின்படி, உணவுத் துணைப்பொருளின் மேல் “மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல” என்று அச்சிட வேண்டும். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இணைய அங்காடிகளில் போர்ன்விட்டா உள்ளிட்டவற்றை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவிலிருந்து எடுக்கச் சொன்னதும் இதே வழியில்தான். அப்படியொரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை. ஆனால் விளம்பரப் பலகையைப் பிடிக்கும் சட்டம், வீட்டுக்கு வந்து விற்கும் உறவினரின் வாயைப் பிடிப்பதில்லை. நோனி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. சித்தி மகன் விற்கிறான், மறுக்க முடியாது.

அந்த அக்காவின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். “மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல” என்ற வரி இருந்தது, ஆங்கிலத்தில், அரிசி அளவு எழுத்தில். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப இதை எதுக்குத்தான் குடிக்கிறது?” என்று கேட்டார். ருசி பிடித்தால் குடிக்கலாம் என்றேன். “ருசியா? மூக்கைப் பிடிச்சுக்கிட்டுல்ல குடிக்கிறேன்” என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டில் இருக்கலாம். நோனியாக இல்லாவிட்டால் கற்றாழையாக, மேனோஸ் பொடியாக, வேறு பெயரில். மருத்துவர் எழுதிய மாத்திரையை அதற்காக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். நாள்பட்ட சர்க்கரை நோய் உள்ளவர் என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பாட்டிலையும் பையில் வைத்து எடுத்துப் போங்கள். சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினினும், கூடவே பொட்டாசியமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.